நேர்ந்துவிட்ட பிள்ளை

என் அறைக் கதவில் ‘ஆன்மீக உருவாக்கப் பொறுப்பாளர்’ என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். ஏசி ரிப்பேருக்கு வந்தவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “இன்னா மேடம் உருவாக்குறீங்க இங்க?” என்று கேட்டார். போதகர்களை என்றேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மூலையில் கொசுவத்தி. “மெஷின் எதுவும் காணோமே” என்றார். மெஷின் நான்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஏணி பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்.

அடையாறில் ஒரு பழைய பங்களாவில் இருக்கிறது எங்கள் பயிற்சி இல்லம். சபை ஊழியத்துக்குப் போகப்போகிற பிள்ளைகள் மூன்று வருடம் தங்கிப் படிக்கிறார்கள். மற்றவர்கள் பாடம் நடத்துகிறார்கள். ஒவ்வொருவரையும் வாரம் ஒரு தரம் உட்காரவைத்து, உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பது மட்டும்தான் என் வேலை. நானும் முறையாகப் படித்துக் குருப்பட்டம் பெற்ற போதகர்தான். ஆனாலும் வாசலில் யார் வந்தாலும் “ஐயா இருக்காங்களா?” என்றுதான் கேட்பார்கள். பாஸ்டரம்மா என்றால் பாஸ்டரின் பெண்டாட்டி என்று ஊர் முடிவு கட்டி வைத்திருக்கிறது. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. இல்லாத ஐயாவை நான் எங்கே போய்க் கூட்டிவருவது என்று பல தரம் கேட்டிருக்கிறேன்.

உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் சொல்லிவிடுவார்களா? “கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கேன் மேடம்” என்பார்கள். அத்தனை பேரும் இதையே சொல்வார்கள், அதே தலையாட்டலோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் ஒரு சட்டம் போட்டேன். கிருபை, பாரம், தரிசனம் ஆகிய மூன்று வார்த்தைகளையும் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். முதல் மாதம் பாதிப் பேருக்குப் பேச்சே வரவில்லை. ஒருவன் பாவம், வெயிலைப் பற்றியே பேசிவிட்டு எழுந்து போனான்.

அடுத்த தொல்லை அழைப்பின் சாட்சி. ஆண்டவர் தன்னை ஊழியத்துக்கு எப்படி அழைத்தார் என்று ஒவ்வொருவரும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். எங்களிடம் அது வழக்கம். நான் கேட்டவரை எல்லாம் ஒரே அச்சு. சாகக் கிடந்தேன், டாக்டர் கைவிரித்துவிட்டார், அம்மா பொருத்தனை பண்ணினாங்க, பிழைத்தேன், இதோ நிற்கிறேன். தமிழ்நாட்டு டாக்டர்கள் இத்தனை தாராளமாகக் கைவிரித்திருக்காவிட்டால் எங்கள் சபைகளுக்கு ஆளே கிடைத்திருக்காது. சொல்லிச் சொல்லி மெருகேறிப்போன கதைகள் அவை. எது நடந்தது, எது பிறகு சேர்ந்தது என்று சொல்கிறவருக்கே தெரியாது. இதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்தி, “அன்னைக்கு என்ன சாப்பிட்ட?” என்று கேட்பேன். மெருகேறிய கதையில் சாப்பாடு இருக்காது. பதில் தேட அந்த நாளுக்கே திரும்பிப் போக வேண்டியிருக்கும். போனவர்கள் சாப்பாட்டோடு வேறு எதையாவது எடுத்துக்கொண்டு வருவார்கள்.

பொருத்தனை என்பது நேர்ந்துகொள்வது. இக்கட்டில் கடவுளுக்குக் கொடுக்கிற வாக்கு. மற்ற ஜனங்களும் செய்கிறார்கள்தான், ஆனால் அவர்கள் மொட்டை போடுவதோடு விட்டுவிடுகிறார்கள். முடி திரும்ப வளர்ந்துவிடும். எங்கள் ஆட்கள் முழுப் பிள்ளையையே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்கலாம் என்றாலும் அது அப்போது தொட்டிலில் கிடக்கும்.

ஏசிக்காரருக்கு ஏணி பிடிக்க இறுதியாண்டுப் பையன் ஒருவனை அனுப்பினேன். ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பையன். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் வேலை. சாதுவான பையன். ஜெபக் கூடத்தில் அவன் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பஸ் வராமல் காத்திருக்கிறவன் போல இருக்கும். போனவனை வெகுநேரமாகக் காணோமே என்று மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஏசிக்காரர் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இவன் வெளியே இருக்கிற பெட்டியைப் பிரித்து உள்ளே தலையை விட்டிருந்தான்.

“கெப்பாசிட்டர் போயிருக்கு மேடம். வேற ஒண்ணுமில்ல” என்றான். முகமெல்லாம் தூசி, பல்லெல்லாம் தெரிகிறது. மூன்று வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஏசிக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “நல்ல கை மேடம் இவனுக்கு. இங்க இன்னாத்துக்கு வச்சிகினு கீறீங்க?” என்றார். எனக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது.

சந்தேகம் வந்ததும் பழசெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு தரம் மயிலாப்பூரில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு இந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜெபிக்கப் போனோம். வீட்டு ஜெபம் என்றால் எங்கள் பிள்ளைகள் நீட்டி முழக்குவார்கள். ஆண்டவருக்குத் தெரியாத செய்தியெல்லாம் சொல்வார்கள். இந்த வீட்டு மூத்த மகன் துபாயில் வேலை தேடிக்கொண்டிருப்பதை நீர் அறிவீர் என்பார்கள், அறிந்தவரிடம் எதற்கு அட்ரஸ் சொல்வது போல விவரம்? பக்கத்து வீட்டு மாமி கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, “ஏதாவது விசேஷமா உங்காத்துல?” என்று கேட்டுவிட்டுப் போனார். காபியில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. இவன் முறை வந்ததும் இரண்டே வரியில் ஆமென் சொல்லிவிட்டான். ஆகா, அடக்கமான பிள்ளை என்று நான் மெச்சிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் ஆள் சமையலறையில் நின்று அந்த அம்மாவின் மிக்ஸியைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் அவன் முறை வந்ததும் ஏசிக்காரர் கேட்டதையே கேட்டேன். “நீ ஏன்டா இங்க இருக்க?”

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்தான். “எனக்கு ஜெபம் வர்ல மேடம். வாய் மட்டும்தான் ஆடுது. ஏசி வேல கத்துக்கணும்னு ஆச. ஆனா போவ முடியாது.”

“யாரு கட்டி வச்சிருக்கா?”

“அம்மா நேந்துகிச்சு. கைக்கொழந்தயா இருக்க சொல்ல எனக்கு ஜுரம் வந்து இழுத்துகினு இருந்துதாம். புள்ளய உன் ஊழியத்துக்குக் குடுத்துடறேன்னு சொல்லிச்சாம். அதனாலதான் உசுரோட கீறேன். இப்ப நான் கெளம்பிட்டா, குடுத்தத திருப்பி எடுத்துப்பாரு இல்ல?” அவன் குரல் இறங்கியது. “சளி புடிச்சாக்கூட தூக்கம் வராது மேடம். வசூலுக்கு வந்துட்டாரோன்னு தோணும். டியூ கட்டாத வண்டிய தூக்கினு போவாங்களே, அந்த மாதிரி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலிக் கையை அவன் பிடித்திருந்த பிடியைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

ஆண்டவர் ஃபைனான்ஸ் கம்பெனி நடத்தவில்லை என்று எனக்குத் தெரிந்த மாதிரியெல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஆட்டத்தானே செய்வான், பரீட்சையில் கிருபையைப் பற்றி வகுப்பிலேயே நன்றாக எழுதியவன் அவன்தான். நான் சொல்லச் சொல்ல அடுத்த வரியை அவனே எடுத்துக் கொடுத்தான். எழுதத் தெரிந்ததால் பயம் போய்விடவில்லை. கிளம்பும்போது தும்மினான், உடனே நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டான்.

தேர்வுக் குழு கூட இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இறுதியாண்டுப் பிள்ளைகளில் யாரைச் சபைக்கு அனுப்பலாம் என்று அதில் நான் சொல்ல வேண்டும். இவனுக்கு ஆமாம் என்று சொன்னால் ஆயுசு முழுக்கப் பயந்துகொண்டே பிரசங்கம் பண்ணுவான். இல்லை என்று சொன்னால் பயந்துகொண்டே ஏசி ரிப்பேர் பண்ணுவான். எங்கள் இல்லத்தின் முதல்வரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், எதற்கும் பதறமாட்டார், அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. “போகப் போகச் சரியாயிடும் சிஸ்டர்” என்றார்.

“இது பொண்ணு வீட்டுல சொல்ற பேச்சு ஐயா. அப்படிச் சொல்லிக் கட்டி வச்சதுல பாதிப் பேரு என் ரூம்ல வந்து அழுதுகிட்டு இருக்காங்க.”

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “வாக்கு குடுத்தது அவங்கம்மா. விடுதலை பண்றதும் அவங்க பண்ணாத்தான் பையனுக்கு அடங்கும்” என்றார். அபூர்வமாக அவர் சொன்னதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை.

அம்மாவை வரச் சொன்னால் வர முடியவில்லை. ஆடித் தள்ளுபடி நேரம், கடையில் லீவு கிடையாது. தள்ளுபடி முடிகிற வரை அவர் வீட்டுக்கு வரும்போது ஊரே அடங்கியிருக்கும். சரி, நாமே போவோம் என்று பையனை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்கு தி. நகர் தெருவில் நாங்கள் நடக்கவில்லை, கூட்டம் எங்களைக் கொண்டுபோய்க் கடை வாசலில் போட்டது. மூன்றாவது மாடி, காட்டன் சேலைப் பிரிவு. ஒரு நிபந்தனை இருந்தது. வேலை நேரத்தில் சொந்தக்காரர்களோடு பேசக் கூடாது. மேற்பார்வைக்கு ஒரு இளைஞர் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அதனால் நான் சேலை பார்க்க வந்தவள், பையன் எனக்குப் பை தூக்க வந்தவன் என்று ஏற்பாடு.

குள்ளமான பெண்மணி. ஆனால் என்ன குரல். விலை சொன்னால்கூட அடுத்த கவுன்ட்டரில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். இரண்டு பெண்கள் வாங்க வந்ததை மறந்துவிட்டு அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

“வாங்க பாஸ்டரம்மா. ஐயா வர்லியா?”

“ஐயா கிடையாதும்மா. நான் மட்டும்தான்.”

ஒரு நீலச் சேலையை என் முன்னால் விரித்துவிட்டு, குனிந்து மெதுவாகக் கேட்டார். “புள்ள எதுனா தப்பு தண்டா பண்ட்டானா?”

“ஒண்ணும் பண்ணல. அவன நேந்துகிட்டீங்களே, அத உங்க வாயால கேக்கணும்.”

கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. நூறு மேடைகளில் சொன்னது போல ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே சேலைகளை எடுத்தார், உதறினார், விரித்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியபோது ஒரு சிவப்புச் சேலை. கண் சொருகியபோது ஒரு மஞ்சள். “டாக்டரு கைய விரிச்சிட்டாரு” என்று அவர் கையை விரித்ததும் கையிலிருந்த சேலையும் கூடவே விரிந்து கவுன்ட்டர் முழுக்க விழுந்தது. பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் இதை எத்தனை தரம் கேட்டிருப்பான். நின்றிருந்த பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவசரமாக நிறுத்தினேன்.

“அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?”

“இன்னாது?”

“அன்னைக்கு. ஆஸ்பத்திரியில. எதாவது சாப்பிட்டீங்களா?”

அவர் கை நின்றுவிட்டது. “பன்னு” என்றார் யோசித்து. “பக்கத்து பெட்டுக்காரி பாதி பன்னு பிச்சி குடுத்தா. துன்ன முடியல. கைல வச்சிகினே கீழ போய் படிக்கட்டுல குந்திகினேன். பிசுபிசுன்னு கையில ஒட்டிகிச்சு அது.” அந்தக் கணீர்க் குரல் எங்கோ போய்விட்டது. இப்போது குனிந்து கேட்க வேண்டியிருந்தது. “அங்கதான் சொன்னேன். இத்த உட்டுரு. பால்குடி மறக்காத புள்ள, உனக்கு இது இன்னாத்துக்கு? நான் வரேன். உன் வேலைக்கு என்னிய எடுத்துக்கோ, தெருத் தெருவா உன் பேர சொல்லிகினு போறேன்னு…”

 சேலை நுனி கையிலேயே இருந்தது.

“என்னியக் குடுக்கறேன்னுதான சொன்ன?” என்றான் பையன்.

“அது அப்பால வந்தது.” அவர் அவனைப் பார்க்காமல் கையிலிருந்த சேலையைப் பார்த்துச் சொன்னார். “நீ பொழச்சி வந்த அடுத்த ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போய் பாஸ்டர் ஐயா கிட்ட சொன்னேன். ஊழியத்துக்கு வரேன்னு வாக்கு குடுத்துட்டேன் ஐயா, இன்னா பண்ணணும் சொல்லுங்கன்னேன். அவரு சிரிச்சிட்டாரு. பொம்பள நீ எங்கம்மா போவ, புள்ள வளந்து வரட்டும், அவன குடுத்துடு, எல்லாம் ஒண்ணுதான்னாரு. கையோட உன் தல மேல கைய வச்சி ஜெபம் பண்ட்டாரு. பெரியவரு சொல்றாரு, சரியாத்தான் இருக்கும்னு உட்டுட்டேன். அப்பால அப்படியே சொல்லி சொல்லி, அதுவே ஆயிடுச்சு.”

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நான் இறையியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிரித்த சிரிப்பு அது. கெட்ட சிரிப்பு இல்லை, பாசமான சிரிப்பு, அதனால்தான் அதைத் தாங்கவே முடியாது. எனக்கு அழுகையும் வந்தது கோபமும் வந்தது. அந்த மனிதர் உயிரோடு இருந்து பக்கத்திலும் இருந்திருந்தால் கவுன்ட்டரில் கிடந்த அத்தனை சேலையையும் அவர் தலையில் கொட்டியிருப்பேன்.

மேற்பார்வை இளைஞர் வந்துவிட்டார். “என்னக்கா, மேடத்துக்கு ஒண்ணும் அமையலியா? அடுத்த ஆளு காத்துக்கிட்டு இருக்காவ.”

“தம்பி, நான் இன்னும் பாத்து முடிக்கல” என்றேன். “மேல இருக்கே அந்தக் கட்டு, அத இறக்கச் சொல்லுங்க.” அது ஏணி போட்டு ஏற வேண்டிய உயரம். அவர் ஏணி தேடப் போனார்.

பையன் கவுன்ட்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான். “அப்ப என்னிய நீ நேந்துக்கவே இல்லியா?”

“இல்லடா” என்றார் அம்மா. சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்பது போல நின்றார். “உன்ன நான் கேட்டு வாங்கினேன். குடுக்கல.”

“அப்ப ஜுரம் வந்தா, அது வெறும் ஜுரம்தானா?”

அவருக்குப் புரியவில்லை. பையன் என்னைப் பார்த்தான், நீயே சொல்லு என்று தலையாட்டினேன். சொன்னான். சளியைச் சொன்னான், தூங்காததைச் சொன்னான், வண்டி தூக்குகிறவர்களைச் சொன்னான். முன்னால் நின்ற பெண்கள் இருவரும் நகராமல் கேட்டார்கள், எனக்கு அவர்களை விரட்டவும் மனசு வரவில்லை. அம்மா கவுன்ட்டருக்கு மேல் எட்டி அவன் முகவாயைப் பிடித்தார். “இத்தினி நாளா இத்த வச்சிகினாடா தூங்கின? பாவி, எங்கிட்ட சொல்லக் கூடாதா?” அவர் அழுதார். அவன் சின்னப் பிள்ளை மாதிரி கவுன்ட்டரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் அங்கே கிடந்த ஒரு சேலை முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பிறகு அதை வாங்க வேண்டியதாயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். “அப்ப சொல்லிட்டு வராதவ நான்தான்.”

இதைத்தான் நான் பயந்தேன். மகனின் தலையிலிருந்து இறங்கியது அம்மாவின் தலையில் ஏறிக்கொள்ளும் என்று. “அம்மா, யாரும் யாரையும் வசூல் பண்ண வரல” என்று ஆரம்பித்தேன்.

“பாஸ்டரம்மா, பொம்பளைங்கள சேக்கிறீங்களா அங்க?”

“சேக்கிறோம். சாயங்கால வகுப்பு இருக்கு. ஆனா பயந்துகிட்டு வர்றதா இருந்தா வேணாம். ஒரு ஆளு அப்படி இருந்ததே போதும்.”

“எனக்கு இன்னா பயம்” என்றார். “ஆசையாகீது.”

ஏணி வந்து சேர்ந்தது. அவர் விரித்த சேலைகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தார். மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் மகனிடம் கேட்டார்.

“டேய், சோறு ஆக்கத் தெரியுமா உனக்கு?”